இரண்டு மூடி டப்பி

கள்ளக்குறிச்சி
3-9-1987

சம்பந்தி ஷர்புன்னிசா அவர்களுக்கு கமருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகம் விசாரித்து எழுதுகிற நிலைமையில் நான் இல்லை. நேராகவே கேட்டுவிடுகிறேன். உங்கள் மகள் சப்ரின் நிக்காஹ் முடிந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்த பெட்டியில் ஒரு டப்பி இருந்தது. அது என்ன?

நான் தேடிக்கொண்டு போகவில்லை. பெட்டிக்குள் கரப்பான் ஒன்று ஓடியது. அதைப் பிடிக்கப் போன இடத்தில், நிக்காஹ் சேலையின் மூன்றாவது மடிப்புக்குள் கையில் தட்டுப்பட்டது. வெள்ளை பிளாஸ்டிக். ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு குழி, இரண்டு மூடி. திறந்தால் இரண்டிலும் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. ஒரு மூடியில் 'ஆர்' என்று இங்கிலீஷ் எழுத்து. என் மகன் பெயர் ரவூப் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு மூடியில் 'எல்'. அது யார் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது.

பக்கத்திலேயே ஒரு பாட்டிலும் இருந்தது. அதிலும் அதே மாதிரி தண்ணீர்.

நல்ல தண்ணீரை யாரும் சேலைக்குள் ஒளித்து வைக்க மாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் மகன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதே குறைந்துவிட்டது. வெள்ளிமலையில் கடுக்காய், புளி எடுக்கிற நம் கடையில் போய்த் தங்கும்போதும், "அம்மா எப்படி இருக்கே?" என்று கேட்டு வருகிற கார்டு நின்றுபோய், "சப்ரின் எப்படி இருக்கா?" என்று வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். "இல்லாததெல்லாம் கற்பனை பண்ணாதீங்கம்மா, வூட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். அவருக்கு மருமகள் கிடையாது.

தண்ணீர் இரண்டையும் முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டேன். டப்பியைக் கல்லால் நசுக்கிக் குப்பையில் போட்டாகிவிட்டது. உங்கள் மகளிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பெட்டியைத் திறந்து பார்த்து முகம் வெளுத்ததை மட்டும் பார்த்தேன். எது வைத்தீர்கள், யாரிடம் வாங்கி வைத்தீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
கமருன்னிசா

(உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். கோடு விலகியிருந்தால் எழுதுங்கள், தபால்காரரைக் கேட்கிறேன்.)


மணலூர்பேட்டை
7-9-1987

என் அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கையெழுத்துக் கோடு விலகாமல் அப்படியே வந்து சேர்ந்தது.

மந்திரிக்கிற ஜாதியா நாங்கள்? சப்ரினின் அத்தா இருந்தவரை இந்த ஊரில் துணிக்கடைக்கார வீடு என்றால் ஒரு மரியாதை இருந்தது. அவர் மவுத்தான பிறகு அதே கடையை என் மகன் சுபைர் நடத்துகிறான். ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை. நீங்கள்தான் முதல்.

அது மருந்து. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உடம்புச் சூடு, கண் எரியும். குளிர்ச்சிக்காக மெட்ராஸில் சுபைர் வாங்கித் தந்தான். புது இடத்தில் மருந்து சாப்பிடுகிற பெண் என்று பெயர் வந்துவிடுமே என்று பிள்ளை ஒளித்து வைத்திருக்கிறது. இதற்குப் போய் கல்லால் நசுக்க வேண்டுமா?

பாட்டிலையும் முழுக்கக் கொட்டிவிட்டீர்களா? அடியில் கொஞ்சம்கூட மிச்சம் இல்லையா? அதை மட்டும் உடனே எழுதுங்கள். சுபைரை மெட்ராஸுக்கு அனுப்பி வேறு வாங்கி வரச் சொல்கிறேன்.

அவள் கண் எப்படி இருக்கிறது? சிவந்திருக்கிறதா? ரவூப் மாப்பிள்ளை மலையில் இருக்கிற வரைக்கும் சப்ரினை இங்கே அனுப்பி வைத்தால் எனக்கும் ஆறுதல். நாலு நாள் போதும்.

உங்கள் கோபம் தணிய துஆ செய்கிற,
ஷர்புன்னிசா


கள்ளக்குறிச்சி
12-9-1987

சம்பந்திக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். என் வீட்டுக்காரர் சாதுல்லாவையும் படிக்கச் சொன்னேன். "பாவம், மருந்துதானே, வுட்டுடு" என்றார். புளி வியாபாரத்தில் ஈரம் எவ்வளவு என்று கையால் தொட்டே சொல்கிற மனுஷர், மனுஷர் விஷயத்தில் ஏமாளி.

கண் சிவந்திருக்கிறதா என்று எதற்குக் கேட்டீர்கள்? நான் கண்ணைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. உங்கள் கடிதம் வந்த மறுநாள் அவள் வலது கண் சிவந்தது. இங்கே நடக்கப்போவது அங்கே இருக்கிற உங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது?

எனக்கு இப்போது எல்லாம் ஒன்றொன்றாக ஞாபகம் வருகிறது. பெண் பார்க்க வந்தபோது சப்ரின் நிமிர்ந்து பார்த்தாள், கண் பளபள என்றிருந்தது. என் நாத்தனார்கூட "பொண்ணுக்குக் கண்ணு நல்லாக்கீது" என்றாள். இங்கே வந்த பிறகு தினமும் காலையில் எழுந்ததும் கையால் சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு நேரம் கழித்து வெளியே வருவாள். அப்புறம் நடை சரியாகிவிடும். நான் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். டப்பி போன பிறகு காலையில் சுவரைத் தடவுவதும் இல்லை. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? டப்பி இல்லாமல் குணமாகிவிட்டதா, இல்லை வேறு எதையோ செய்கிறாளா?

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம் போல எல்லோருக்கும் சுருமா இட்டேன். சிவந்த கண்ணுக்குச் சுருமா நல்லது என்று பிடித்து இட்டேன். துள்ளினாள். அப்புறம் எதிர் வீட்டில் பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டு இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விடச் சொன்னேன். இன்று இன்னும் மோசம். வெளிச்சத்தைப் பார்த்தால் தண்ணீராகக் கொட்டுகிறது. தெருவில் மெட்ராஸ் ஐ என்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலை எல்லோரும் தள்ளிக் கடக்கிறார்கள்.

அவளை அனுப்ப மாட்டேன். என்னவோ ஒரு சீக்கோடு பெண்ணைக் கொடுத்துவிட்டு, அது வெளியே தெரிகிற நேரத்தில் அங்கே வரவழைத்து மூடி மறைக்கப் பார்க்கிறீர்கள். இங்கேயே இருக்கட்டும், என்னதான் இருக்கிறது என்று நானும் பார்க்கிறேன்.

கமருன்னிசா


மணலூர்பேட்டை
15-9-1987

சம்பந்தியம்மா,

சுருமாவும் பாலும் யார் உங்களை விடச் சொன்னது? தயவு செய்து அவள் கண்ணில் இனி எதையும் விடாதீர்கள். சுருமா வேண்டாம், பன்னீர் வேண்டாம், எந்தச் சாறும் வேண்டாம். உங்களைக் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

எனக்கும் சந்தேகம் வரக் கூடாதா? நன்றாக அனுப்பிய பிள்ளை. உங்கள் வீட்டுக்கு வந்துதான் கண் போயிற்று. சுருமாவில் என்ன கலந்தது என்று நான் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கேட்க மாட்டேன். ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். சப்ரினுக்கு ஒரு சோப்பு, காய்ச்சி ஆறிய தண்ணீர், முகம் பார்க்கிற கண்ணாடி கொடுத்து, தனியாக ஓர் அறையில் விடுங்கள். யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். "உம்மா கையை நல்லாக் கழுவச் சொன்னாங்க" என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். ஏன் என்று கேட்காதீர்கள்.

நானே கிளம்பி வந்திருப்பேன். சுபைர் மெட்ராஸ் போனவன் இன்னும் திரும்பவில்லை. நாளை மறுநாளிலிருந்து இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியலாம், ஒரு வாரத்துக்கு ஒரு வண்டி ஓடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கடிதமாவது உங்கள் கையில் வந்து சேர வேண்டுமே.

ஷர்புன்னிசா


கள்ளக்குறிச்சி
19-9-1987

சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் மறியலுக்கு முதல் நாள் வந்த கடைசித் தபாலில் கிடைத்தது. இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் பொன்னுரங்கம். நம் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். ரோட்டில் வழி நெடுகப் புளியமரத்தையும் வேப்பமரத்தையும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கரும்புக் கொல்லை வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வருகிறார். சோறு போட்டு அனுப்புங்கள்.

நீங்கள் சொன்ன மாதிரி சோப்பும் தண்ணீரும் கண்ணாடியும் கொடுத்து விட்டேன். எட்டிப் பார்க்காதே என்றால் நான் பார்க்காமல் இருப்பேனா? கதவு இடுக்கில் பார்த்தேன். உங்கள் மகள் கண்ணாடி முன்னால் நின்று, வலது கண்ணைத் திறக்கப் பார்த்து, முடியாமல், விரலைக் கண்ணுக்குள் விடப் பார்த்து, வலியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் கண்ணைத் தானே நோண்டுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. இது மருந்து இல்லை, மந்திரமும் இல்லை, வேறு என்னவோ என்று அப்போதுதான் தோன்றியது.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண் டாக்டர் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டாராம். இருந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழியில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒரு புள்ளி. அது புண்ணாம். சீக்கிரம் சேலம் கொண்டு போகாவிட்டால் கண்ணே போய்விடும் என்றார். அவரும் கேட்டார், "கண்ணுல ஏதாவது பட்டுச்சாம்மா? ஏதாவது போட்டியா? மறைக்காம சொல்லு". சப்ரின் இன்னொரு கண்ணால் என்னைத்தான் பார்த்தாள். டாக்டரைப் பார்த்து வராத பயம் என்னைப் பார்த்து வந்தது.

நானும் சொல்லிப் பார்த்தேன், "இன்னாம்மா, சொல்லேன், நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்". தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஒன்றும் பண்ண மாட்டேன் என்றால் இந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை.

உங்களுக்குத் தெரியும். முதல் கடிதத்திலிருந்தே தெரியும். என்னை எவ்வளவு கெட்டவளாக வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதுங்கள். நீங்கள் எழுதித் தருகிற வரைக்கும் பொன்னுரங்கம் அங்கேயே இருப்பார். வாயால் சொல்லி அனுப்பாதீர்கள், பாதி வழியில் மாறிப்போகும்.

கமருன்னிசா


மணலூர்பேட்டை
20-9-1987

அவள் கண்ணுக்குள் லென்ஸ் இருக்கிறது.

மூக்குக் கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணின் மேலேயே ஒட்டி வைக்கிற மெல்லிசான வில்லை. தண்ணீர் மாதிரி இருக்கும், பார்த்தால் தெரியாது. காலையில் வைத்து ராத்திரி கழற்ற வேண்டும். கழற்றியதை அந்தத் தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும். ஆர் என்பது வலது, எல் என்பது இடது. உங்கள் மகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டப்பியும் பாட்டிலும் போன பிறகு கழற்றி வைக்க இடமில்லாமல், உங்களிடம் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில், போட்டபடியே தூங்கி எழுந்திருக்கிறாள். போட்டுக்கொண்டு தூங்கினால் கண் புண்ணாகும் என்று வாங்கும்போதே சொன்னார்கள். அதனால்தான் சிவந்திருக்கிறதா என்று கேட்டேன்.

நீங்கள் யாரும் பிடித்து இழுக்காதீர்கள். டாக்டரிடம் லென்ஸ் என்று சொல்லுங்கள், அவர் எடுப்பார். இடது கண்ணிலும் இருக்கும்.

ஏழாவது படிக்கும்போதிலிருந்து சப்ரின் கண்ணாடி போடுகிறாள். தடிக் கண்ணாடி. அதைப் பார்த்தே இரண்டு வீட்டுக்காரர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டாவது தடவை அவள் உள்ளே போய்க் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் அழுதாள். அதற்கப்புறம்தான் சுபைர் மெட்ராஸ் கூட்டிக்கொண்டு போனான். நீங்கள் பார்க்க வந்த அன்று அவள் கண்ணில் பார்த்த பளபளப்பு அதுதான்.

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். எழுதினால் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று, மருந்து என்று எழுதினேன். மகளுக்கு வாழ்க்கை முக்கியமா கண் முக்கியமா என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் பதில் தெரியும். எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

அவளை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் இனி உங்கள் இஷ்டம். கண்ணை மட்டும் காப்பாற்றுங்கள். பொன்னுரங்கம் சாப்பிடவில்லை, "வந்து துன்றேம்மா" என்று வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஷர்புன்னிசா


சேலம், கண் ஆஸ்பத்திரி
28-9-1987

சம்பந்தியம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கண் தங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். அதை முதலில் எழுதச் சொல்லி ரவூப் பக்கத்தில் நிற்கிறான். பார்வை எவ்வளவு தங்கும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. வலது கண்ணில் தழும்பு நிற்குமாம். இப்போதைக்குப் பனிக்குள் பார்க்கிற மாதிரி தெரிகிறது என்கிறாள். இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த கையோடு கள்ளக்குறிச்சி டாக்டரிடம் ஓடினேன். லென்ஸ் என்று சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஏதோ சொட்டு மருந்து விட்டு, இரண்டு கண்ணிலிருந்தும் எடுத்துக் காட்டினார். மீன் செதில் அளவுகூட இல்லை. இதற்கா இவ்வளவும் என்று நினைத்தேன்.

அப்புறம் அவர் கேட்டார், "ராத்திரியில கழட்டி வெக்கணும்னு தெரியாதாம்மா உனக்கு? டப்பி எங்க?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். கல்லால் நசுக்கிய கை சேலை முந்தானைக்குள் இருந்தது. உங்கள் மகள் சொன்னாள், "தொலைஞ்சிடுச்சு டாக்டர். நான்தான் எங்கியோ போட்டுட்டேன்."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்த்து, அந்த வலியிலும் அப்படிச் சொன்னாள். நான் அந்த இடத்திலேயே செத்தேன் சம்பந்தி.

விஷயம் கேள்விப்பட்டு ரவூப் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் மலையை நடந்தே இறங்கி வந்தான். ஜீப் எதுவும் ஓடவில்லை. சேலம் ரோட்டில் மரத்தை நகர்த்த மாட்டோம் என்று நின்றவர்களில் நமக்குப் புளி கொண்டு வருகிற மாயவனும் இருந்தான். "இன்னா பாய், யாருக்கு இன்னா?" என்று, அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஏற்றி வந்த டிராக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்ததும் நாலு பேரைக் கூப்பிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் அவளை நாற்காலியோடு தூக்கி விட்டான். டிராக்டர் கொல்லையில் இறங்கிச் சுற்றி வந்தது. இப்படி எத்தனை மரம் தாண்டினோம் என்று தெரியவில்லை. ஆத்தூருக்கு அப்புறம்தான் ஒரு வேன் கிடைத்தது.

ரவூபுக்கும் லென்ஸ் விஷயம் தெரியுமாம். கல்யாணமான முதல் வாரத்திலேயே சப்ரின் சொல்லிவிட்டாளாம். என்னிடம் ஏன்டா சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சண்டை போட்டேன். "சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்பேன்னு உனக்கே தெரியும்மா" என்றான். தெரியும். உங்களுக்கும் தெரியும், உங்கள் மகளுக்கும் தெரியும், ஹஜ்ரத்துக்கும் தெரியும். ஒரு வீடே என்னிடம் எதையும் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறது. என் மகன் என் முகத்தைப் பார்த்துப் பேசாததற்குக் காரணம் அந்த டப்பி இல்லை.

உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நானும் கொட்டுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நீங்களும் நானும் சேர்ந்து ஒரு பிள்ளையின் கண்ணைப் பாதியாக்கினோம், இதில் யார் பங்கு அதிகம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில நேரம் உங்களுடையது, சில நேரம் என்னுடையது.

நேற்று என் நாத்தனார் பார்க்க வந்தாள். "பொண்ணுக்குக் கண்ணு நல்லாக்கீது" என்றவள்தான். சப்ரின் கட்டிலில் தூங்குகிறாள். வராந்தாவுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய், "இன்னா அண்ணி, கண்ணாடி போட்ட பொண்ணாமே? மறைச்சுக் கட்டிட்டாங்களாமே?" என்று கேட்டாள். யார் சொன்னார்களோ தெரியவில்லை, பொன்னுரங்கமாக இருக்காது.

"யாரு மறைச்சா? தெரிஞ்சுதான் கட்டினோம். பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே சம்பந்தி சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் உள்ளே கட்டிலில் சப்ரின் தூங்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் திரும்பிப் போனபோது என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

நீங்களும் யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். பெண் பார்த்த அன்றைக்கே சொன்னேன் என்று சொல்லுங்கள். வார்த்தை மாறக் கூடாது. வேறு ஏதாவது மறைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அவள் பல்லெல்லாம் சொந்தப் பல்தானே?

பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. சுபைரைக் கூட்டிக்கொண்டு வந்து சேருங்கள். அவளுடைய பழைய கண்ணாடியை எந்தப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களோ, எடுத்து வாருங்கள். கட்டுப் பிரித்ததும் இடது கண்ணுக்காவது வேண்டும். சேலை மடிப்புக்குள் சுருட்டிக்கொண்டு வராதீர்கள். கையிலேயே பிடித்துக்கொண்டு வாருங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

கமருன்னிசா